பியானோவில் இல்லாத காந்தாரம்

பியானோவும் கீபோர்டும் பழகும் தம்பி தங்கைகளுக்கு,

கிரேடு பரீட்சை முடிந்திருக்கும். முடிவு வரும்வரை ஸ்கேல் புத்தகத்தைத் தொட மனசு வராது என்று எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில் உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்திவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். உங்களில் பாதிப் பேர் சனிக்கிழமை பியானோ வகுப்புக்கும் ஞாயிற்றுக்கிழமை பாட்டு வகுப்புக்கும் போகிறவர்கள். ஒன்றில் கற்பதை இன்னொன்றில் சொல்லக்கூட வாய்ப்பு வந்திருக்காது. அதனாலேயே இவர் உங்களுக்கு அவசியம் என்று படுகிறது.

பெயர் ஃபரஜ் சுலைமான். பாலஸ்தீனர். பியானோ வாசிப்பவர், இசையமைப்பாளர், இப்போதெல்லாம் தானே பாடவும் செய்கிறார். 1984இல் மேல் கலிலேயாவில் உள்ள ராமே என்ற ஊரில் பிறந்தவர். கலிலேயா என்றதும் ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்குப் படகும் வலையும் ஞாபகம் வரும். ராமேயில் அதெல்லாம் கிடையாது. மலைச்சரிவு, ஒலிவ மரங்கள், எண்ணெய்க்குப் பேர்போன ஊர். கிறிஸ்தவர்கள், துரூஸ்கள், முஸ்லிம்கள் மூவரும் சேர்ந்து வாழ்கிறார்கள். கவிஞர் சமீஹ் அல்-காசிமின் சொந்த ஊரும் அதுதான். 1948இல் இஸ்ரேல் உருவானபோது எல்லைக்கு உள்ளே அகப்பட்டுக்கொண்ட பாலஸ்தீன ஊர்களில் ஒன்று. ஆகவே கையில் இஸ்ரேலியக் கடவுச்சீட்டு, பேச்சு அரபு. இந்த முரண் பின்னால் வரும்.

இவரைப் பற்றி எங்கே படித்தாலும் 'ஜாஸையும் அரபு இசையையும் கலந்தவர்' என்று ஒரு வரி இருக்கும். எனக்கு அந்த வரி பிடிப்பதில்லை. சாம்பாரில் சீஸ் துருவிப் போட்டதுபோல ஏதோ ருசிக்காகச் செய்த காரியம் என்று எண்ண வைத்துவிடுகிறது. கேட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பியானோ முன்னால் உட்கார்ந்த ஒரு அரபுப் பையனுக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கலோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று தெரிந்தவர்களைத் தேடிப் போனால், போய்ச்சேரும் இடம் ஜாஸாகத்தான் இருக்கும்.

சிக்கலை உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். அரபு இசையில் நம் ராகம்போல 'மகாம்' என்று ஒரு ஏற்பாடு. அதில் தாய் ஸ்தானத்தில் வைக்கப்படுவது ராஸ்த். ராஸ்தின் காந்தாரம் சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிஷாதமும் அப்படியே, கைசிகிக்கும் காகலிக்கும் இடையில். பயாத்தி என்று இன்னொரு மகாம், கல்யாண வீட்டுப் பாட்டில் பாதி அதில்தான் இருக்கும். அதன் ரிஷபம் சுத்தத்துக்கும் சதுஸ்ருதிக்கும் நடுவில். அந்த நடுவும் எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் இல்லை. கெய்ரோக்காரர் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கும் காந்தாரத்தை அலெப்போக்காரர் ஒரு நூல் ஏற்றிப் பிடிப்பார். ஊத், வயலின், கானூன், நை போன்ற வாத்தியங்கள் எல்லாவற்றிலும் இது கிடைக்கும். மசூதியின் பாங்கிலும் உண்டு, அந்தப் பக்கத்துத் தேவாலயங்களில் அரபு மொழியில் பாடும் பைசாந்தியப் பாட்டிலும் உண்டு. பியானோவில் மட்டும் கிடையாது. 'சி' வைத்துத் தொடங்கினால் 'ஈ ஃப்ளாட்' ஒரு கட்டை, 'ஈ' அடுத்த கட்டை. நடுவில் மரப்பிளவுதான் இருக்கிறது.

இந்தப் பிளவைப் பற்றி ஒரு மாநாடே நடந்தது. 1932இல் எகிப்து மன்னர் ஃபுவாத் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூட்டினார். பார்த்தோக் வந்தார், ஹிண்டெமித் வந்தார், கால் சுரங்களில் இசையமைத்துக்கொண்டிருந்த செக் நாட்டவர் அலோய்ஸ் ஹாபா வந்தார். வாத்தியங்களுக்கான குழுவுக்கு கூர்ட் சாக்ஸ் தலைவர். பியானோவை அரபு இசைக்குள் விடலாமா என்று சண்டை. வேடிக்கை என்னவென்றால், விடலாம், அதுதான் முன்னேற்றம் என்று வாதாடியவர்கள் பெரும்பாலும் எகிப்தியர்கள். கூடாது, உங்கள் இசையை அது கெடுத்துவிடும் என்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். நமக்கும் இது தெரிந்த கதைதான். ஆர்மோனியத்தில் கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதை வெளியே நிறுத்தியது, 1971 வரை கதவு திறக்கவில்லை. அந்த யோசனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். அடுத்தவர் வீட்டுத் தூய்மையில் வெளியூர்க்காரருக்கு எப்போதுமே அக்கறை சற்று அதிகம்.

சிக்கலுக்கு ஆளாளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஈரானில் மொர்தஸா மஹ்ஜூபி பியானோவின் தந்திகளையே தன் நாட்டு இசைக்கு ஏற்றபடி சுருதி மாற்றி வைத்துக்கொண்டு வாசித்தார். பெய்ரூத்தில் அப்துல்லா ஷாஹீன் 1950களில் கால் சுரம் வாசிக்கும் 'கீழைப் பியானோ' ஒன்றைச் செய்வித்தார். உலகம் அதை வாங்கவில்லை. இன்று அரபு நாட்டுக் கல்யாண மேடைகளில் யமஹாவும் கோர்க்கும் அவர்களுக்கென்றே செய்து தரும் கீபோர்டுகள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தச் சுரம் மட்டும் கால் பங்கு இறங்கி நிற்கும். தப்கே ஆட்டத்துக்கு நூறு பேர் கைகோத்து நிற்கும்போது மேடையில் இருப்பது அதுதான். நம்மூரில் கீபோர்டு சத்யநாராயணன் பிட்ச் பெண்ட் சக்கரத்தை இடது கையால் உருட்டித் தோடியைப் பேச வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரச்சினை ஒன்றுதான், இங்கே விடை வேறு.

ஃபரஜ் சுலைமான் இந்த எந்த வழியிலும் போகவில்லை. சாதாரணப் பியானோ, சாதாரண சுருதி. அப்படியென்றால் அந்தக் காந்தாரம்?

இங்கேதான் ஜாஸ் வருகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டில் 'ப்ளூ நோட்' என்று சொல்வார்களே, அது எங்கே நிற்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில். ஏறக்குறைய ராஸ்த் நிற்கிற அதே இடம்! அவர்களுக்கும் பியானோவில் அது கிடையாது. அதற்காக அவர்கள் புதுப் பியானோ செய்யப் போகவில்லை. கீழ்க் கட்டையைச் சுண்டிவிட்டு விரலை மேல் கட்டைக்கு வழுக்கினார்கள். இரண்டையும் சேர்த்தே அடித்துவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஜாஸ் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் வாசிக்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் மோதிக்கொள்வது கைதவறி அல்ல. இல்லாத சுரத்தை இரண்டு பக்கமும் தட்டிக் காட்டுகிற வேலை அது. நூறு வருஷத்து அனுபவம். ராமேயில் பிறந்த ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்? அவர் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஜாஸுக்குப் போனார் என்று நான் சாதிக்கவில்லை. கேட்கும்போது எனக்கு அப்படிப் படுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று இடது கை. மகாம் தனிச் சுரமாக நடக்கும் இசை, அதற்குக் கீழே கார்டு வைத்தால் பெரும்பாலும் கெட்டுப்போகும். நம் ராகத்துக்கு ஒன்று–நான்கு–ஐந்து கார்டு வைத்துப் பார்த்து நீங்களே முகம் சுளித்திருப்பீர்கள். ஜாஸில் 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்தபிறகு ஒரு ஸ்கேலையே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும் பாணி வேரூன்றியது. கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய கட்டாயம் போயிற்று. கோல்ட்ரேனோடு வாசித்த மெக்காய் டைனர் இடது கையில் ஷட்ஜம்–பஞ்சமத்தை ஓங்கி அடித்து நிறுத்திவிட்டு, அதன்மேல் வலது கையை அலைய விடுவார். தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்த உங்கள் காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது. அரபுக் காதுக்கும் அப்படித்தான். ஊத் வாசிப்பவர் தாளமில்லாமல் செய்யும் 'தக்சீம்' நம் ஆலாபனைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பியானோவில் ஒலி அடித்தவுடனே தேய்ந்துபோகும் என்பதால் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டித்தான் அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஊத்தில் மீட்டுகோல் செய்வதும் அதுவேதான்.

எல்லா மகாமும் பியானோவுக்கு வெளியே நிற்பவை அல்ல. அஜம் நம் சங்கராபரணத்தின் சுரங்கள். நஹாவந்த் என்றால் கீரவாணி. கீரவாணியை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஹிஜாஸ் பெரும்பாலும் வகுளாபரணம், ஹிஜாஸ்கார் மாயாமாளவகௌளை, நிக்ரிஸ் ஹேமவதி, குர்த் தோடியின் சுரங்கள், கமகம் மட்டும் கழித்து. சுரக்கணக்கு ஒத்துப்போகிறதே தவிர நடை வேறு. அவர்கள் நாலு சுரமும் ஐந்து சுரமுமான சின்னத் துண்டுகளாகப் பிடித்துக்கொண்டு, ஒரு துண்டிலிருந்து அடுத்த மகாமுக்குத் தாவி, கடைசியில் வீட்டுக்குத் திரும்புவார்கள். கச்சேரியில் ராகமாலிகை கேட்ட சுகம் அதில் உண்டு.

தாளத்துக்கு வருவோம். எனக்கு இவரிடம் மிகவும் பிடித்த இடம் இது. அந்தப் பகுதியில் 'மல்ஃபூஃப்' என்று ஒரு தாளம், எட்டு எண்ணிக்கை, மூன்று–மூன்று–இரண்டாகப் பிரியும். தகிட தகிட தக. சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக, தகிட தகிட தக. இதே பிரிவு கியூபா வழியாக நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து ஜாஸின் தொட்டிலில் கிடந்தது. ஜெல்லி ரோல் மார்ட்டன் அதற்கு 'ஸ்பானிய சாயல்' என்று பெயர் வைத்து, அது இல்லாவிட்டால் ஜாஸே இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். ஆகக் கலக்கவே வேண்டியதில்லை, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நடையில்தான் நடந்து வருகின்றன. 'சமாயி' என்று பத்து எண்ணிக்கைத் தாளம் ஒன்று உண்டு. மிருதங்கம் தெரிந்தவரிடம் பத்து என்றால் இரண்டு கண்டம் என்பார், தக தகிட, தக தகிட. சமாயி அப்படிப் போகாது. முதலில் தகிட தக, அடுத்து தக தகிட. பாதியில் கண்ணாடி வைத்ததுபோலத் திரும்பிவிடும். ஃபரஜ் சுலைமானின் வாத்திய உருப்படிகளில் இடது கை இப்படிக் கோணலான கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு விடாப்பிடியாகச் சுற்றும்போது பியானோ பாதி தர்பூகா மேளமாகிவிடுகிறது. சில இடங்களில் இந்தச் சுற்று அளவுக்கு மீறுகிறது என்பேன். பின்னால் படம் ஓடவேண்டும்போல, காட்சி இல்லாமல் பின்னணி இசை மட்டும் கேட்பதுபோல இருக்கும். 'லாகின்' என்று 2014இல் வந்த முதல் ஆல்பத்தைவிட 2017இன் 'ஒன்ஸ் அப்பான் எ சிட்டி' எனக்கு அடர்த்தியாகப் படுகிறது. அடுத்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே ஜாஸ் விழாவில் வாசித்தார்.

உண்மையில் அவரை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது வாத்திய இசை இல்லை, பாட்டு. 2020இல் 'பெர்லினைவிட நல்லது' என்ற பொருளில் ஒரு அரபு ஆல்பம் வந்தது. எழுதியவர் ஹைஃபாக்காரரான நாவலாசிரியர் மஜ்த் கய்யால். அதில் 'என் தலைக்குள் கேள்விகள்' என்ற பாட்டு அரபு இளைஞர்களிடையே பெரிய வெற்றி. ஏன் பெர்லின் என்றால், ஊரைவிட்டுக் கிளம்பும் அரபு இளைஞர்களும் கலைஞர்களும் போய்ச்சேரும் நகரமாக அது ஆகியிருந்தது. போகாமல் ஹைஃபாவில் இருந்துவிட்டவனின் எரிச்சல், காதல், கிண்டல் இதெல்லாம்தான் பாட்டுகளில். மேடைப் பேச்சு இல்லை. தெருவில் பேசுகிற அரபுதான், தேர்ந்த பாடகரின் குரலும் இல்லை, சொல்லிக்கொண்டு போகிற குரல். பியானோ அந்தப் பேச்சுக்குக் குறுக்கே பேசும்.

இந்தப் பாணிக்கு ஒரு முன்னோடி உண்டு, பெய்ரூத்தின் ஸியாத் ரஹ்பானி. பாடகி ஃபைரூஸின் மகன். 1956இல் பிறந்து 2025 ஜூலையில் காலமானார். தெருப்பேச்சும் ஜாஸும் நையாண்டியும் சேர்த்து லெபனானின் பாட்டையும் நாடகத்தையும் மாற்றியவர். 1991இல் அம்மாவுக்காக அவர் செய்த 'கீஃபக் இந்தா' இன்றும் ஓடுகிறது. ஃபரஜ் சுலைமானை அவரோடு ஒப்பிடாத அரபு ரசிகர் குறைவு. ஒப்பிடுவது சரிதான். ஆனால் ஹைஃபாவிலிருந்து பெய்ரூத் கடற்கரையோரமாகச் சுமார் 130 கிலோமீட்டர், ஏறக்குறைய சென்னையிலிருந்து திண்டிவனம் போகிற தூரம்தான் என்று சொல்லலாம். 1942இல் பிரிட்டிஷ்காரர்கள் அங்கே ரயிலே விட்டார்கள். 1948இல் அந்தப் பாதை வெட்டுப்பட்டது. இன்று இஸ்ரேலியக் கடவுச்சீட்டோடு லெபனானுக்குள் நுழைய முடியாது, இஸ்ரேலும் தன் குடிமக்கள் அங்கே போவதைத் தடை செய்திருக்கிறது. மஜ்த் கய்யால் 2014இல் பெய்ரூத்தில் ஒரு பத்திரிகையின் ஆண்டுவிழாவுக்குப் போனார். திரும்பி வந்ததும் கைது செய்து சில நாள் விசாரணையில் வைத்திருந்தார்கள். தனக்குக் குருபோன்ற இசை பிறந்த ஊருக்கு ஃபரஜ் சுலைமான் காரில் இரண்டு மணி நேரத்தில் போகலாம், ஆனால் போகக்கூடாது என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஆல்பத்தைக் கேளுங்கள். கிண்டலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

ஹைஃபாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948 ஏப்ரலில் நகரம் விழுந்தபோது பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் கடல் வழியாகவும் தரை வழியாகவும் வெளியேறினார்கள். எஞ்சிய சில ஆயிரம் பேரை வாதி நிஸ்னாஸ் பகுதியில் ஒடுக்கி வைத்தார்கள். இசைக்கும் அதே கதிதான். ஜெருசலேமில் ஆர்கன் வாசித்து, பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அகஸ்தீன் லாமாவின் மாணவர் சல்வதோர் அர்னிதா பெய்ரூத்துக்குப் போய்ப் பேராசிரியரானார். நாப்லுஸின் ஊத் கலைஞர் ரூஹி கம்மாஷ் பாக்தாதுக்குப் போனார். பாலஸ்தீனத்தில் ஆர்கனும் பியானோவும் வேரூன்றியது நம்மூரைப் போலவே தேவாலயம், மிஷன் பள்ளி வழியாகத்தான். ஆனால் வளர்த்தெடுக்க வேண்டிய தலைமுறை சிதறிவிட்டது. 1993இல் தொடங்கிய இசைக்கல்லூரி, பின்னாளில் எட்வர்ட் சயீத் பெயர் தாங்கியது, அந்த இடைவெளியை நிரப்பத்தான் பாடுபடுகிறது.

காஸாவில் ஒரு பியானோ இருந்தது. 1998இல் ஜப்பான் அரசு பரிசாகக் கொடுத்த யமஹா கிராண்ட். நவ்ராஸ் என்ற அரங்கில் வருஷக்கணக்கில் தூசி படிந்து கிடந்தது. 2014 போரில் குண்டு விழுந்தும் தப்பியது. பெல்ஜியத்திலிருந்து ஒரு இசை அமைப்பு 2015இல் ஆள் அனுப்பிச் சீர்செய்தது. துருப்பிடித்த தந்திகளையும் சுத்தியல்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலை. 2018இல் அதில் பொதுக் கச்சேரி நடந்தது, அரங்கத்தில் பலர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பியானோவை நேரில் கேட்டார்கள். அதற்குப் பிறகு 2023இன் போர் வந்தது. இப்போது கூடாரங்களில் குழந்தைகளை உட்காரவைத்துப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தலைக்குமேல் ட்ரோன் ஓயாமல் ரீங்கரிப்பதையே சுருதியாக வைத்துக்கொண்டு ஒரு குழு பாடிய காணொளி 2025இல் உலகமெங்கும் சுற்றியது. உங்கள் பெட்டியில் சுருதி சரியில்லை என்று வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள் அதைத் தேடிப் பாருங்கள். இதை உபதேசமாகச் சொல்லவில்லை, சும்மா பாருங்கள்.

ஃபரஜ் சுலைமானின் சினிமா இசை கேட்க வேண்டுமானால் '200 மீட்டர்ஸ்' என்ற படம் போதும். 2020இல் வந்தது, இயக்கம் அமீன் நாய்ஃபே. பிரிவுச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மனைவியும் பிள்ளைகளும், இடையில் இருநூறு மீட்டர். பிள்ளைக்கு விபத்து என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போக அந்த மனிதர் ஒரு நாள் முழுக்கச் சுற்றுகிறார். இசை அங்கே அழவைக்கப் பார்ப்பதில்லை. எனக்கு அது போதுமான சிபாரிசு.

கேட்கும் வரிசை என்று கேட்டால்: பாட்டுகளை முதலில் கேளுங்கள், அர்த்தம் புரியாவிட்டால் பரவாயில்லை, பேச்சின் தாளம் புரியும். பிறகு வாத்திய ஆல்பங்கள். கூடவே ஸியாத் ரஹ்பானி ஒன்று, மங்க் ஒன்று, ராஸ்தில் யாராவது ஊத்தில் செய்த தக்சீம் ஒன்று. தக்சீமைக் கேட்காமல் மற்றதைக் கேட்டால் என்ன இல்லையென்றே தெரியாமல் போய்விடும்.

கட்டைக்கு முன்னால் உட்கார்ந்து செய்ய ஒரு வேலையும் தருகிறேன். இடது கையில் கீழே 'சி'யும் 'ஜி'யும் மட்டும். தகிட தகிட தக என்ற கணக்கில், ஒவ்வொரு துண்டின் முதல் எழுத்துக்கும் ஒரு அடி. கை தானாக ஓடும்வரை வலது கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வலது கையில் நாலே சுரம்: சி, டி ஃப்ளாட், ஈ, எஃப். ஹிஜாஸின் கீழ்த்துண்டு அது, நீங்கள் சரளி வரிசையில் பாடிய மாயாமாளவகௌளையின் முதல் பாதியும் அதுதான். அதைவிட்டு வெளியே போகாமல் ஐந்து நிமிடம். அடுத்து டி ஃப்ளாட்டை 'டி'யாக்கிவிட்டு, 'ஈ'க்குப் போகும்போதெல்லாம் 'ஈ ஃப்ளாட்'டைச் சுண்டி வழுக்குங்கள், சில தடவை இரண்டையும் சேர்த்து அடித்து மேலே உள்ளதை மட்டும் சட்டென்று விட்டுவிடுங்கள். முதல் நாள் அசிங்கமாகத்தான் கேட்கும். ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். வாத்தியார் திட்டினால் பழியை என்மேல் போடுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அதே கட்டைகளோடு மல்லுக்கட்டிய ஓர் அண்ணன்